சித்தி அனுப்பின பூண்டுப் பால்

போன ஞாயித்துக்கிழமை காலைல எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தி ஒரு செய்தி போட்டாங்க. "ஐபிஎஸ் நோய்க்கு இயற்கை மருத்துவம். 7 நாளில் பூரண குணம்." கீழ ஒரு பட்டியல். வெறும் வயித்துல வெந்நீர்ல தேன். காலைல ஒரு ஆப்பிள். மதியம் மோர்ல கோதுமைத் தவிடு. ராத்திரி கடுக்காய்ப் பொடி. படுக்கப் போறப்ப பூண்டுப் பால்.

அதுக்குக் கீழ என் பேரைப் போட்டு, "விடாம செய்யும்மா, சரியாயிடும்"னு ஒரு வரி.

எனக்குச் சுருக்குனு வந்துச்சு கோபம்.

சித்தி மேல இல்ல. அவங்க எனக்கு இன்னொரு அம்மா. கோபம் அந்தப் பட்டியல் மேல. முன்னாடி "இயற்கை"ன்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டா யாரும் எதையும் திருப்பிக் கேக்க மாட்டாங்கங்கற அந்த தைரியத்து மேல.

ஏன்னா அதுல இருக்கற அஞ்சையும் நான் ஒவ்வொரு வருஷமா செஞ்சு பார்த்தவ. அஞ்சும் ஒத்துக்கல. ஏன் ஒத்துக்கலைன்னு அப்பத் தெரியல, இப்பத் தெரியும். அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளும். டீயோ மோரோ, உங்க வயித்துக்கு எது ஆகுமோ அதை எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் டீச்சர். வீடு திருச்சி, பள்ளிக்கூடம் முசிறிப் பக்கம். தினம் காலைல பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. சில வருஷம் அந்த ரோட்டுல எனக்கு ஒரே கணக்குதான் ஓடும். நம்பர் 1 டோல்கேட் தாண்டியாச்சா, குணசீலம் வந்துடுச்சா, நடுவுல வயிறு கலக்கினா எங்க இறங்கறது. ஒரு கை அடிவயித்துல, ஒரு கை முன் சீட்டுக் கம்பியில. ஒரு பக்கம் காவிரி கூடவே வரும். நான் அதைப் பார்த்ததே கிடையாது.

பள்ளிக்கூடத்துக்குள்ள போயிட்டா இன்னும் கஷ்டம். 42 பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டு பாதிப் பாடத்துல எழுந்து போக முடியாது. டீச்சருங்க டாய்லெட் அந்தக் கோடில. அதனால காலைல பட்டினி. மதியம் வரைக்கும் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். (இதைப் படிக்கற எத்தனை டீச்சருங்க இப்ப தலையாட்டறீங்கன்னு எனக்குத் தெரியும்.)

ஆரம்பிச்சது 2016 மே மாசம். ஒரு சுற்றுலா போயிட்டு வந்தோம், தண்ணி சேரல. வாந்தி, பேதி, காய்ச்சல். 5 நாள்ல எல்லாம் நின்னுச்சு. ஆனா வயிறு மட்டும் பழைய வயிறா திரும்பி வரவே இல்ல. ஒரு டாக்டர் அமீபியாசிஸ்னு சொல்லி மாத்திரை எழுதினார். 4 தடவ அதே கோர்ஸ். கடைசில வேற ஒரு குடல் டாக்டர்தான் உக்கார வெச்சுப் பொறுமையா சொன்னார். குடல்ல கிருமி வந்து போன பிறகு, 10 பேருக்கு ஒருத்தர்ங்கற கணக்குல இப்படி ஐபிஎஸ் தங்கிடறது உண்டும்மான்னு.

அப்புறம் நானே தேடிப் படிச்சேன். கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர். 2000-வது வருஷம் மே மாசம் குடிதண்ணியில கிருமி கலந்து 2,000 பேருக்கு மேல படுத்துட்டாங்க, 7 பேர் இறந்தே போனாங்க. பிழைச்சவங்களை டாக்டருங்க வருஷக்கணக்கா கூடவே இருந்து கவனிச்சிருக்காங்க. 8 வருஷம் கழிச்சும் சிலருக்கு ஐபிஎஸ் இருந்துச்சாம். ஆனா நிறைய பேருக்கு கொஞ்சம் கொஞ்சமா தேறிடுச்சு. அதைப் படிச்ச ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன். இது என் மனப்பிரமை இல்ல, முகம் தெரியாத ஒரு ஊரே இதை அனுபவிச்சிருக்குங்கற ஆறுதல்.

பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஐபிஎஸ்னா இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். தமிழ்ல இதுக்கு "குடல் எரிச்சல் நோய்"னு எழுதறாங்க. எரிச்சல்னு கேட்டதும் நமக்கு என்ன தோணும்? சூடு. உடனே வெந்தயம், இளநீர், விளக்கெண்ணெய். "உடம்புச் சூடு டீச்சர், குளிர்ச்சியா சாப்பிடுங்க"ன்னு ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்கு வைத்தியம். ஆனா இங்க எதுவும் எரியல. புண்ணும் இல்ல. உள்ள கேமரா விட்டுப் பார்த்தாலும் குடல் பளிச்சுனுதான் இருக்கும். பிரச்சினை அதோட சுபாவத்துல. சட்டுனு கோவிச்சுக்கற ஆளு வீட்டுல ஒருத்தர் இருப்பாரே, அந்த மாதிரி. சாதாரணக் காத்து, சாதாரண அசைவு, மத்தவங்களுக்கு உறைக்கவே உறைக்காது. நமக்கு வலியா வந்து நிக்கும். அதனால நான் இதை "சிடுசிடு குடல்"னுதான் சொல்றது.

(டாக்டருங்க கணக்கு என்னன்னு கேட்டா: கடைசி 3 மாசமா, சராசரியா வாரத்துல 1 நாளாவது வயித்து வலி இருக்கணும். அதோட, வெளிக்குப் போறதை ஒட்டி வலி கூடறது குறையறது, போற தடவை மாறுறது, மலம் இளகியோ இறுகியோ மாறுறது, இந்த மூணுல ரெண்டாவது இருக்கணும். எல்லாம் ஆரம்பிச்சு 6 மாசமாவது ஆகியிருக்கணும். 2016-ல வந்த ரோம் வரையறை இது.)

இயற்கை வைத்தியம் பேசறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இதை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையறது, ரத்தசோகை, விட்டு விட்டுக் காய்ச்சல், தூக்கத்துல இருந்து எழுப்பற பேதி, 45-50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கற தொந்தரவு, குடும்பத்துல யாருக்காவது குடல் புத்துநோய். இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பதிவை மூடிட்டு முதல்ல டாக்டரைப் பாருங்க. இன்னொண்ணு, கோதுமையை நிறுத்தறதுக்கு முன்னாடி சீலியாக் ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. நான் முதல்ல நிறுத்திட்டேன். அப்புறம் பரிசோதனைக்காக வாரக்கணக்குல திரும்ப சப்பாத்தி சாப்பிட்டு, வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நிறுத்திட்டுப் பார்த்தா அந்தப் பரிசோதனை சரியா காட்டாது.

இப்ப பூண்டுக்கு வருவோம்.

பூண்டு வாயுவைக் கலைக்கும்னுதானே நாம கேட்டு வளர்ந்தோம்? பேதியா, பூண்டு ரசம். உப்புசமா, பூண்டுப் பால். நானும் தினம் குடிச்சேன். ராத்திரி 2 மணிக்கு வயிறு தம்பட்டம் மாதிரி விம்மிக்கிட்டு நிக்கும். சேர்த்து வெச்சுப் பார்க்கவே தோணல, ஏன்னா பூண்டு மருந்தாச்சே!

விஷயம் என்னன்னா, பூண்டு, வெங்காயம், கோதுமை மூணுலயும் ஃப்ரக்டான்னு ஒரு சர்க்கரைத் தொடர் இருக்கு. அதை உடைக்கற நொதி மனுஷங்க யாருக்குமே கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்கற பாக்டீரியா அதைப் புளிக்க வெக்கும், காத்து கிளம்பும். எல்லாருக்கும் நடக்கறதுதான். சிடுசிடு குடலுக்கு மட்டும் அந்த உப்பல் வலியாத் தெரியுது. பருப்புலயும் பயறுலயும் இதோட ஒண்ணுவிட்ட சகோதரன் ஒண்ணு இருக்கு. பால்ல லாக்டோஸ். ஆப்பிள்லயும் தேன்லயும் ஃப்ரக்டோஸ் கூடுதல். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம்ல சார்பிடால் மாதிரி சரக்கு. இந்தக் கும்பலுக்கு மொத்தமா ஃபோட்மேப்னு பேர். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்துல 2005-ஐ ஒட்டி இதை ஒரு உணவு முறையா உருவாக்கினாங்க.

சித்தி பட்டியலை இப்பத் திரும்பப் பாருங்க. தேன், ஆப்பிள், கோதுமை, பூண்டு, பால்!

தெரிஞ்ச அன்னிக்கு நான் என்ன பண்ணேன்? ரசம் கொதிச்சதும் பூண்டுப் பல்லை எல்லாம் கரண்டியால பொறுக்கி எடுத்துட்டு ரசத்தை மட்டும் குடிச்சேன். அதே வலி. ஃப்ரக்டான் தண்ணியில கரையும். பல்லை எடுத்தாலும் சங்கதி ரசத்துல இறங்கியாச்சு.

ஆனா எண்ணெயில அது கரையாது!

இதைக் கத்துக்கிட்ட நாள்தான் எங்க வீட்டு அடுப்படியில திருவிழா. இப்ப செய்யற முறை இதுதான். சின்ன இரும்புக் கரண்டியில 2 ஸ்பூன் நல்லெண்ணெய். சிம்ல வெச்சு 5, 6 பல் பூண்டை முழுசா, தட்டாம போடுவேன். ஓரம் பொன்னிறமாகி, வாசம் கூடத்துக்கு வர்ற வரைக்கும் விடுவேன். அப்புறம் ஒரு பல் விடாம எடுத்துடுவேன் (அது என் வீட்டுக்காரர் தட்டுக்குப் போயிடும், அவருக்குக் கொண்டாட்டம்). அந்த எண்ணெயில கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு, கடைசில ரசத்துல கொட்டறது. மணம் பூண்டு ரசமேதான். அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப ஊத்திக் குடுத்தேன். "பூண்டு தூக்கலா இருக்கே, நீதான் சாப்பிட மாட்டியே?"ன்னு கேட்டாங்க.

வெங்காயத்துக்குப் பதிலா வெங்காயத் தாளோட பச்சைப் பகுதி. பருப்பை ராத்திரியே ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில வேக வெக்கறது. வாழைப்பழம் தோல்ல புள்ளி விழறதுக்கு முன்னாடி. இட்லி, புழுங்கலரிசிச் சோறு, கேரட், கத்திரிக்காய், சௌசௌ, உருளை, பப்பாளி எல்லாம் எனக்குத் தோழிங்க.

ஒரு பெரிய தப்பும் பண்ணேன். ஃபோட்மேப்பை 2-லிருந்து 6 வாரம்தான் மொத்தமா நிறுத்தணும். அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்து, எது ஆகும், எது ஆகாது, எவ்வளவு ஆகும்னு கண்டுபிடிக்கணும். நான் நல்லா இருக்கே, எதுக்கு வம்புன்னு 5 மாசம் அப்படியே ஓட்டிட்டேன். 6 கிலோ குறைஞ்சுது. கல்யாண வீட்டுக்குப் போறதையே விட்டேன். கடைசில ஒரு டயட்டீஷியன் சொன்னாங்க: "நீங்க நிறுத்தின சாப்பாட்டுலதான் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி இருக்கு. ரெண்டு பேரையும் பட்டினி போடாதீங்க."

அதுக்கப்புறம்தான் நோட்டு போட்டேன். பள்ளிக்கூடத்துல மீந்த 40 பக்க நோட்டு. 4 கட்டம்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி, மனசு எப்படி. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பொருள். முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, மூணாவது நாள் வழக்கமா சாப்பிடற அளவு. அப்புறம் வயித்துக்கு ஓய்வு. நோட்டு சொன்ன தீர்ப்பு: பூண்டு ஆகவே ஆகாது. சின்ன வெங்காயம் 2 வரைக்கும் சரி. பால் அரை டம்ளர் தாங்கும். தயிர் தாராளமா. ஊற வெச்ச துவரம் பருப்பு சாம்பார் ஒரு கரண்டி, மதியம் மட்டும். 5 மாசமா பாவம்னு ஒதுக்கி வெச்சிருந்த சாம்பார் எனக்குத் திரும்பக் கிடைச்சுது!

(உங்க நோட்டு வேற சொல்லும். என்னோடதைக் காப்பி அடிக்காதீங்க. டீச்சரா சொல்றேன்.)

தவிடு பத்தி. நார்ச்சத்து நல்லது, சரிதான். ஆனா நார்ல ரெண்டு ரகம். கோதுமைத் தவிடு கரையாத நார், நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வலியையும் காத்தையும் கூட்டலாம். இசப்கோல் கரையற நார். குஜராத், ராஜஸ்தான்ல விளையற ஒரு சின்னச் செடியோட விதைத் தோல், அவ்வளவுதான். தண்ணியை இழுத்துக் கொழகொழன்னு ஆகும். இளகிப் போறவங்களுக்குக் கெட்டிப்படுத்தும், கட்டிக்கிட்டவங்களுக்கு இளக்கும். ஒரே பொருள் ரெண்டு பக்கமும் வேலை செய்யறதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல. நான் அரை ஸ்பூன்ல ஆரம்பிச்சேன். ஒரு டம்ளர் தண்ணியில கலக்கி, அது உப்பறதுக்குள்ள மடக்குனு குடிச்சுட்டு, பின்னாலயே இன்னொரு டம்ளர் தண்ணி. தண்ணி குறைச்சா தொண்டையில, குடல்ல அடைச்சுக்கும், ஜாக்கிரதை.

புதினா? துவையல் ருசிக்கு. மருந்தா வேணும்னா குடல்ல போய்க் கரையற மாதிரி உறை போட்ட பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல் இருக்கு, டாக்டரைக் கேட்டு எடுத்துக்கலாம். அதுல இருக்கற மென்தால் குடல் தசையை இளகவிடும், இழுத்துப் பிடிக்கற வலி குறையும். நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு ஒத்துக்காம போகலாம். சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி எனக்கு இதமா இருக்கு, குடிக்கறேன். இதமா இருக்குங்கறது வேற, குணமாச்சுங்கறது வேற. அந்த வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது.

அப்புறம் மனசு.

நம்ம பாஷையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்களேன். பயந்தா "வயித்துல புளியைக் கரைக்குது". நல்ல சேதி கேட்டா "வயித்துல பாலை வார்த்த". பொறாமைன்னா "வயித்தெரிச்சல்". பிள்ளையை நினைச்சா "பெத்த வயிறு". மூளைக்கும் குடலுக்கும் தந்தி ஓடுதுன்னு விஞ்ஞானம் சொல்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி நம்ம ஆயாக்கள் பேசிட்டாங்க! குடல் சுவர்ல மட்டும் 10 கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு. உடம்புல இருக்கற செரோடோனின்ல 90 சதவீதத்துக்கு மேல குடல்லதான்.

என் நோட்டுலயும் அது வந்துச்சு. "மனசு எப்படி" கட்டத்துல "இன்ஸ்பெக்ஷன்", "பரீட்சை பேப்பர்", "மாமியார் ஆஸ்பத்திரி"ன்னு இருந்த நாள்ல எல்லாம், தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டிருந்தாலும் வயிறு போயிருக்கு. மாசாமாசம் தூரம் ஆகற நாளுக்கு முன்னாடியும் அப்படியே. சாப்பாட்டை மட்டும் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்.

இப்ப பஸ்ல ஒரு கை அடிவயித்துல இன்னும் இருக்கு, ஆனா வேற வேலையா. மூச்சை இழுக்கறப்ப வயிறு அந்தக் கையைத் தள்ளணும். மனசுக்குள்ள 4 எண்ணி இழுக்கறது, 6 எண்ணி விடறது. டோல்கேட்ல ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல தோள் தானா இறங்கும். சாயங்காலம் அரை மணி நடை. (சுவீடன்ல 2011-ல வெளியான ஒரு ஆய்வுல, 12 வாரம் உடற்பயிற்சியைக் கூட்டினவங்களுக்கு ஐபிஎஸ் தொந்தரவு குறைஞ்சிருந்துச்சு.) காலைப் பட்டினியையும் விட்டுட்டேன். 6 மணிக்கே 2 இட்லி. சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையும், அது உடம்போட வழக்கம். அந்த அசைவு பஸ்ல வராம வீட்டுலயே வந்துட்டுப் போகட்டும்னு நேரம் குடுக்கறேன். இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்ச பெரிய வைத்தியம் எதுன்னு கேட்டா, 40 நிமிஷம் முன்னாடி எழுந்ததுதான்.

சரி, சித்திக்கு வர்றேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலமே போன் பண்ணேன். சண்டை போடத்தான். "சித்தி, அந்தப் பட்டியல் யார் குடுத்தா?"ன்னு ஆரம்பிச்சேன்.

"யாரு குடுத்தா என்னடி, எனக்குக் கேட்டுச்சு. அதான் உனக்குப் போட்டேன்."

"உங்களுக்கா? உங்களுக்கு என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னாங்க. கல்யாணமான புதுசுல இருந்தே, முப்பது வருஷத்துக்கு மேல, மலச்சிக்கல். வாரத்துல ரெண்டு நாள் போனா பெருசு. வயிறு இழுத்துப் பிடிக்கும். 52 வயசுல கேமரா விட்டுப் பார்த்து, ஒண்ணும் இல்ல, ஐபிஎஸ்னு சொல்லியிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல. "இதப் போய் எப்படிடி சொல்றது?"

கடுக்காயும் ஆப்பிளும் வெந்நீரும் அவங்களுக்குக் கேட்டது ஏன்னு அப்பப் புரிஞ்சுது. எல்லாம் இளக்கற சரக்கு. அவங்களுக்கு அது வேணும். என்னை அது படுக்க வெச்சுது. வியாதிக்குப் பேர் ஒண்ணு, எங்க ரெண்டு பேர் குடலும் எதிரெதிர்த் திசையில ஓடுது.

"காலைல எப்ப சித்தி போவீங்க?"

"எங்கடி போறது? சித்தப்பாவுக்கு டிபன், பசங்களுக்கு டப்பா, எல்லாரையும் அனுப்பிட்டு பத்து மணிக்கு உக்காருவேன். அப்ப வராது."

"6 மணிக்குக் காபி குடிச்சதும் வருமா?"

"அப்ப வரும். அடக்கிக்குவேன். அடுப்புல பால் இருக்குமே."

முப்பது வருஷம்! காலைக் காபிக்குப் பிறகு உடம்பு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. சித்தி தினமும் "இரு, வர்றேன்"னு சொல்லிட்டு டப்பா கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவும் ஓய்ஞ்சு போச்சு.

நான் பட்டியல் எதுவும் குடுக்கல. நோட்டைப் பத்தி மட்டும் சொன்னேன், 4 கட்டம். அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு வாரத்துக்கு, காபி குடிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு, 10 நிமிஷம் உக்காருங்க. வந்தாலும் வராட்டியும்.

"டப்பா யாருடி கட்டுவா?"

"சித்தப்பா கட்டுவார். கேளுங்க."

நேத்து காலைல 6:40-க்கு எனக்கு மட்டும் தனியா ஒரு போட்டோ வந்துச்சு. கோடு போட்ட நோட்டு, சித்தியோட சாய்ஞ்ச கையெழுத்து. என்ன சாப்பிட்டேன்: காபி. எத்தனை மணிக்கு: 6. வயிறு எப்படி: போச்சு.

மனசு எப்படிங்கற கட்டத்துல, "உங்க சித்தப்பா தோசையைக் கருக்கிட்டார், ஆனாலும் நிம்மதி"ன்னு எழுதியிருந்தாங்க.